சுவருக்குப் பின்னால் நின்று ஆட்டம் பார்ப்பவர்

கொஞ்சம் இப்படிக் கிட்டே வந்து உட்காருங்கள். இன்றைக்கு உங்களுக்கு ஒரு பிராணியைக் காட்டப் போகிறேன். கூண்டெல்லாம் வேண்டாம், கடிக்காது. ஆனால் உங்கள் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்ததென்றால், பொத்தான் அறுந்து கையோடு போனாலும் பேச்சு அறாது. ஆயுள்கால ரசிகர் என்று அதற்குப் பெயர். மீசை அரும்புகிற வயதில் ஏதோ ஒரு கால்பந்து அணியைப் பிடித்துக்கொண்டு, மீசை நரைத்து, பல் விழுந்து, பேரன் பேத்தி எடுத்த பிறகும் அதை விடாமல் தொங்குகிற இனம்.

இந்த இனத்தை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது? சட்டையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. சட்டையை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். ஜெயித்தால் "நாம ஜெயிச்சுட்டோம்" என்றும், தோற்றால் "அவனுங்க தோத்துட்டானுங்க" என்றும் சொல்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களும் இதில் சேர்த்தி இல்லை. அவர்கள் விருந்தாளிகள், பந்தி முடிந்தால் கை கழுவிக்கொண்டு போய்விடுவார்கள். அசல் பிராணி தோற்ற அன்றைக்குத்தான் "நாம" என்பதை அழுத்திச் சொல்லும். என் தங்கை புருஷன் வாசலில் வந்து நின்று, "மச்சான், நாம தோத்துட்டோம்" என்று சொல்லும்போது, யாருக்கு என்ன ஆயிற்றோ என்று என் கை தன்னால் செருப்பைத் தேடும். எத்தனை தடவை ஏமாந்திருக்கிறேன்! அப்புறம் செருப்பை விட்டுவிட்டுக் காப்பி போடச் சொல்வேன்.

மாப்பிள்ளைக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. பெரிய கட்டடங்களில் லிஃப்ட் நடுவழியில் நின்றுபோனால் இவரைத்தான் கூப்பிடுவார்கள். வேலையில் கெட்டிக்காரர், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் உள்ளே மாட்டிக்கொண்டவர் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஓட முடியாது, காதைப் பொத்தினாலும் குரல் கேட்கும். ஆயுள்கால ரசிகருக்கு இதைவிட நல்ல ஆள் கிடைப்பானா?

ஒரு தடவை ஒரு வக்கீல் மாட்டிக்கொண்டார்.

"சார், பயப்படாதீங்க, காத்து நல்லா வரும். நீங்க எந்த டீம் சார்?"

"யோவ், கதவத் திறய்யா முதல்ல!"

"திறந்துடலாம் சார். அந்த செமி ஃபைனல் உங்களுக்கு ஞாபகம் இருக்கா? மழை கொட்டுது. நம்ம கேப்டனுக்குக் கணுக்கால் வீங்கிப்போய்க் கிடக்கு..."

கேப்டன் வீங்கிய காலோடு நடுக்கோட்டைத் தாண்டுகிறபோதே லிஃப்ட் சரியாகிவிட்டது. ஆனால் கோல் இன்னும் விழவில்லையே! கோல் விழாமல் கதவு திறக்குமா? கேப்டன் இரண்டு பேரை ஏமாற்றி, மூன்றாவது ஆளை விழத்தட்டி, ரெஃப்ரி அதைப் பார்க்காமல் விட்டு, பந்து வலையில் போய் விழுந்த பிறகுதான் வக்கீல் வெளிச்சத்தைப் பார்த்தார். அவர் வழக்குப் போடுவார் என்று கட்டடத்துக் காவலாளி நடுங்கிக்கொண்டிருக்க, வக்கீல் கோட்டைச் சரிசெய்துகொண்டே கேட்டாராம்: "ஃபைனல்ல என்ன ஆச்சு?" அன்றிலிருந்து அந்தப் பக்கம் முழுக்க மாப்பிள்ளைக்கு 'எக்ஸ்ட்ரா டைம்' என்று பெயர்.

எனக்குப் படிப்பு அவ்வளவாகக் கிடையாது. ஆனால் யார் யாருக்கு யார் என்பது மட்டும் மறக்காது. எங்கள் பெரியப்பாவின் மூத்த மகளை எந்த வீட்டில் கொடுத்தார்கள், அந்த வீட்டுச் சித்தப்பா எதற்காகப் பேசாமல் போனார் என்பதெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். மாப்பிள்ளைக்கும் சொந்தக்காரர்கள் ஞாபகம் இருக்கிறார்கள். ஆனால் அவர்களெல்லாம் ஏதாவது ஒரு ஆட்டத்துக் கோலில் கட்டிப்போட்ட மாடுகள். என் தங்கையோடு அவருக்குக் கல்யாணம் ஆனது எந்த வருஷம் என்று கேளுங்கள். "கோல்கீப்பருக்கு முழங்கால் போன வருஷம்" என்பார். என் அப்பா இறந்தது? "பந்து போஸ்ட்ல பட்டுத் திரும்பின வாரம்." அந்தப் பெரியப்பா மகளின் புருஷன் நெஞ்சுவலியில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இவர் ஆரஞ்சுப் பழத்தோடு போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொன்னார்.

"அண்ணே, இதுக்கு முன்னாடி உங்களுக்கு நெஞ்சுவலி வந்தது, நாம மூணு பூஜ்யம்னு தோத்தோமே, அந்த வாரம். அதையே தாங்கிட்டீங்க. இது என்ன பெரிய விஷயம்?"

அத்தானுக்குக் கால்பந்து உருண்டையா சதுரமா என்றே தெரியாது. ஆனாலும் பிழைத்துக்கொண்டார். தன்னுடைய ஆறுதலால்தான் என்று இவர் இன்றைக்கும் சொல்கிறார்.

அபிப்பிராயங்களா? கேட்கவே வேண்டாம், கேட்காமலே கிடைக்கும். இப்போது ஆடுகிறவர்கள் காலைத் தீட்டுவதைவிடத் தலைமுடியைத் தீட்டுகிற நேரம் அதிகம். அந்தக் காலத்து விங் ஆட்டக்காரர் ஒருவருக்கு வலது கால் பஸ் ஏறுவதற்கு மட்டும்தான். மற்ற எல்லாம் இடது கால். கோச் என்பவர் தோற்றால் மாற்றுவதற்காக வைத்திருக்கிற பல்பு. ரெஃப்ரிகள் எல்லாரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், அந்த அம்மாவுக்கு நம் அணியோடு ஏதோ பகை. இதையெல்லாம் அவர் சொல்லும்போது நீங்கள் தலையாட்டக் கூடாது. தலையாட்டினால் இன்னொன்று வரும். தலையாட்டாமலும் இருக்கக் கூடாது. இருந்தால் முதலிலிருந்து வரும்.

சரி, இதுவரைக்கும் சொன்னது உங்கள் தெருவிலும் இருக்கிற சரக்குதான். இனிமேல்தான் விஷயம்.

மாப்பிள்ளை கோலை வர்ணித்தால் உடம்பு சிலிர்க்கும். பந்து எந்த மூலையில் நுழைந்தது, வலை எப்படி உப்பியது, கோல்கீப்பர் எப்படி விழுந்த இடத்திலேயே மண்ணைப் பிடுங்கினார், எல்லாம் கண்முன்னால் வந்து நிற்கும். இப்படிப்பட்ட மனுஷனோடு ஒரு தடவையாவது ஆட்டம் பார்க்க வேண்டாமா? ஒருநாள் நானும் கூடப் போனேன். நடுக்கோட்டுக்கு நேராக, நல்ல நாற்காலி. நம் ஆட்கள் பந்தை எடுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தாண்டினார்களோ இல்லையோ, மாப்பிள்ளை எழுந்தார்.

"மச்சான், இதோ வந்துடறேன்."

வயசாகிவிட்டது, அவசரமாக வருகிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். பந்து நம் பக்கம் திரும்பி வந்ததும் இவரும் திரும்பி வந்தார். மறுபடி நம் ஆட்கள் முன்னேறினார்கள். மறுபடி எழுந்தார். மூன்றாவது தடவை நானும் பின்னாலேயே போனேன்.

படிக்கட்டில் இறங்கி, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு போனால், அரங்கத்தின் பின்பக்கத்துச் சுவர். அங்கே ஒரு கூட்டமே நின்றுகொண்டிருந்தது! ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் சுவரைப் பார்த்தபடி இடது கையைப் பையில் விட்டுக்கொண்டு நின்றார். ஒரு பேக்கரிக்காரர், மேகமே இல்லாத வானத்தின் கீழே குடை விரித்திருந்தார். எல்லாரும் முழு விலைக்கு டிக்கெட் வாங்கியவர்கள். எல்லாருக்கும் உள்ளே நாற்காலி உண்டு. நம் அணி முன்னேறும்போது அதைப் பார்த்தால் கோல் விழாது என்பது ஒவ்வொருவரும் தன் தன் வாழ்க்கையில் அடிபட்டுத் தெரிந்துகொண்ட உண்மை. அங்கே ஒரே ஒரு சட்டம்: என்ன நடக்கிறது என்று யாரும் கேட்கக் கூடாது. சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

உள்ளே ஒரு இரைச்சல் எழுந்தது.

"கார்னர்" என்றார் வாத்தியார்.

"இல்ல சார், ஃப்ரீ கிக். சத்தத்துல ஒரு எரிச்சல் இருக்கு, கேட்டீங்களா?" என்றார் மாப்பிள்ளை.

ஃப்ரீ கிக்கேதான். மேல்படியில் உட்கார்ந்து கடலை விற்கிறவருக்கு மட்டும் மைதானம் தெரியும். கோல் விழுந்தால் அவர் இறங்கி வந்து, எந்த மூலை, எந்தக் கால் என்று ஒன்றுவிடாமல் சொல்வார். இவர்கள் அதைக் காதில் வாங்கி, கண்ணில் போட்டுக்கொள்வார்கள். நான் அசந்துபோனேன்.

"மாப்ளே, அப்ப நம்ம டீம் போட்ட கோல் ஒண்ணகூட நீ கண்ணால பாத்ததில்லையா?"

"மச்சான், நான் பாத்தா கோல் விழாது. விழாத கோல எப்படிப் பாக்கறது? இது கூடவா புரியல?"

இதெல்லாம் ஆரம்பித்தது ஒரு செருப்பில். முதல் முதலாக ஆட்டம் பார்க்க வந்தபோது வார் அறுந்ததாம். குனிந்தார், கோல் விழுந்தது. நிமிர்ந்தார், எதிரணி இரண்டு போட்டது. அவ்வளவுதான். அந்த வயதில் வேறு யாராவது இருந்தால் செருப்பை மாற்றியிருப்பார்கள். இவர் வாழ்க்கையை மாற்றிக்கொண்டார்.

இப்படியே சுவரைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாகக் காலம் தள்ளியிருப்பார். விதி, சொந்த வீட்டிலேயே பூட்ஸ் மாட்டிக்கொண்டு கிளம்பியது. நம் அணியின் கிளப்பிலேயே பெண்கள் அணி ஒன்று ஆரம்பித்தார்கள். அதில் முன்வரிசை ஆட்டக்காரியாக எடுத்தது யாரை என்கிறீர்கள்? இவர் மகளை! பகலில் மருந்துக்கடையில் வேலை, சாயங்காலம் மைதானம். சின்ன வயதில் தெருவில் பந்து உதைத்து, எங்கள் வீட்டு ஜன்னலை இரண்டு தடவை உடைத்தவள்தான். மாப்பிள்ளைக்குக் கால் தரையில் படவில்லை. மகளுடைய ஆட்டம் ஒன்று விடாமல் போனார். போய்? சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். வேறென்ன செய்வார்? மகளாக இருந்தாலும் அது நம் அணி அல்லவா!

மேல் பிரிவுக்குப் போகிற கட்டம் வந்தது. இரண்டே ஆட்டம். இந்த வாரம் நம் மைதானத்தில், அடுத்த வாரம் அவர்கள் மைதானத்தில். இரண்டிலும் சேர்த்து அதிக கோல் போட்டவர்கள் மேலே போவார்கள். அதற்கு முந்தின நாள் நான் தங்கை வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். பெண் தரையில் உட்கார்ந்து கணுக்காலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"அப்பா, நாளைக்கு நீ உள்ள உக்காந்து பாக்கணும்."

"உள்ளதாம்மா இருக்கேன் எப்பவும்."

"பந்து என் காலுக்கு வந்ததும் உன் சீட் காலியாயிடுது. நிமிர்ந்து பாத்தா ஒரு பிளாஸ்டிக் நாற்காலிதான் தெரியுது. நான் இவ்வளவு நாளா யாருக்கு ஆடிட்டிருக்கேன், அந்த நாற்காலிக்கா?"

"உனக்காகத்தாம்மா வெளிய நிக்கறேன்."

"நாளைக்கு ஒரு தடவ, முழுசா, என்னைப் பாரு. இல்லேன்னா இதோட ஷூவக் கழட்டி வச்சுடறேன். மாமா சாட்சி."

என்னை எதற்கம்மா இழுக்கிறாய் என்று நான் கேட்பதற்குள் எழுந்து போய்விட்டாள். குரலில் விளையாட்டு இல்லை.

மாப்பிள்ளை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! லிஃப்டுக்குள் தானே மாட்டிக்கொண்டவர் மாதிரி இருந்தார்.

"மச்சான், பாத்தா அவ தோத்துடுவா. பாக்கலேன்னா அவ விட்டுடுவா. நான் என்ன பண்ணுவேன்?"

அடுப்படியிலிருந்து என் தங்கை திரும்பினாள். "ஏங்க, உலகத்துல எல்லாம் நீங்க பாக்காததாலதான் நடக்குதா? அப்ப நான் செய்யற வேலையையும் பாக்காம இருக்கீங்களே, அது ஏன் தானா நடக்க மாட்டேங்குது?"

"உனக்கு விளையாட்டா இருக்கு."

"மகளா, டீமா, ஒண்ணு சொல்லுங்க."

"அவ டீம்லயே இருக்காளே! அதானே என் கழுத்தப் பிடிக்குது!"

மறுநாள் மாப்பிள்ளையை நடுவில் போட்டு, ஒரு பக்கம் தங்கையும் மறுபக்கம் நானும் உட்கார்ந்தோம். ஆட்டம் தொடங்கியது. முதல் தடவை நம் பெண்கள் நடுக்கோட்டைத் தாண்டியபோது இவர் முழங்கால்கள் தன்னால் எழுந்தன. தங்கை இடுப்பில் ஒரு கிள்ளு கொடுத்தாள். உட்கார்ந்தார். நாற்காலியின் கையைப் பிடித்த பிடியில் விரல் எல்லாம் வெளுத்துப்போயிருந்தது. அதற்குள் செய்தி சுவருக்குப் பின்னால் போய்விட்டது. கடலைக்காரர் கூடையோடு குனிந்து குனிந்து வந்தார்.

"அண்ணே, உள்ளயே இருக்கீங்களாமே? வெளிய எல்லாரும் பயந்துபோயிருக்காங்க. வாத்தியார் ரெண்டு கையையும் பையில விட்டுக்கிட்டாரு. பேக்கரிக்காரர் ரெண்டாவது குடை வாங்கப் போயிருக்காரு."

"என் பொண்ணு கேட்டுக்கிட்டாப்பா."

"பொண்ணு நல்லா இருக்கணும்னுதானே நாங்களும் சொல்றோம்!"

நானே எழுந்து கடலைக்காரரை விரட்டினேன். திரும்பி வந்து உட்கார்ந்தபோது மாப்பிள்ளை முகம் மாறியிருந்தது. பயத்தில் திறந்த கண், இப்போது ஆச்சரியத்தில் திறந்திருந்தது.

"மச்சான், அங்க பாரேன். ஓடறப்ப நாக்க வெளிய நீட்டிக்கிட்டு ஓடறா. எழுதிப் பழகறப்ப இப்படித்தான் நீட்டுவா."

அப்புறம் பந்து எங்கே போகிறது என்றே அவர் பார்க்கவில்லை. அவள் நின்றால் பார்த்தார், இடுப்பில் கை வைத்தால் பார்த்தார், எதிரணிப் பெண்ணோடு முறைத்துக்கொண்டதைப் பார்த்துச் சிரித்தார். "யார் வளத்த பொண்ணு, நல்லா முறைக்கறா" என்று தங்கையை இடித்தார். அவளும் பந்து காலுக்கு வருகிறபோதெல்லாம் ஒரு கண்வெட்டு மேலே பார்த்தாள். நாற்காலியில் ஆள் இருந்தது. எப்படி ஓடினாள் என்கிறீர்கள்! அவள் குனிந்து தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் எதிரணி ஒரு கோல் போட்டுவிட்டது. எதிரி கோல்களை மட்டுமே பார்த்துப் பழகிய கண், அன்றைக்கு அதையும் பார்க்கவில்லை. "என்ன ஆச்சு?" என்று கேட்டார். வாழ்நாளில் அவர் கேட்டே இராத கேள்வி.

முடியப் போகிற நேரம். நம் பெண்ணை அவர்கள் கோலுக்குப் பக்கத்தில் காலைத் தட்டிவிட்டார்கள். பெனால்டி. அடிக்கப் போவது அவளேதான். நான் திரும்பிப் பார்த்தேன். கொஞ்ச நேரம் முன்னால் அத்தனை கேலி செய்தாளே என் தங்கை, அவள் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கண்ணை இறுக மூடியிருந்தாள்.

"என்னடி இது?"

"பேசாத அண்ணே!"

மாப்பிள்ளை மட்டும் திறந்த கண் திறந்தபடி இருந்தார். கண்ணில் தண்ணீர் முட்டியது. துடைத்தால் அந்த நேரம் தவறிவிடும் என்று துடைக்கவில்லை. பெண் பந்தை வைத்தாள். நிமிர்ந்து எங்கள் பக்கம் பார்த்தாள். ஓடி வந்து உதைத்தாள்.

பந்து மேல் கம்பியில் அடித்து, வானத்துக்குப் போய், சுவருக்குப் பின்னால் விழுந்தது. வாத்தியார் தோள்மேலே விழுந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

ஒன்று பூஜ்யம். தோத்துட்டோம்.

வாசலில் காத்துக்கொண்டு நின்றோம். ஒவ்வொரு பெண்ணாக வெளியே வந்தார்கள். மாப்பிள்ளை ஆறுதல் வார்த்தை தேடிக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் பழைய ஆட்டங்கள்தான், அதில் எதைச் சொல்வது என்று உதடு அசைந்துகொண்டே இருந்தது. கடைசியாக அவள் வந்தாள். தோளில் பை, முழங்காலில் மண். நேராக அப்பா முன்னால் வந்து நின்றாள்.

"பாத்தியா?"

"பாத்தேம்மா."

"முழுசாவா?"

"கண்ணு சிமிட்டல. சத்தியமா. உன் மாமாவக் கேளு."

"பெனால்டியுமா?"

"பெனால்டியும் பாத்தேன்."

அவள் கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு பையைத் தூக்கித் தரையில் போட்டாள்.

"ஏம்ப்பா, அத மட்டுமாவது பாக்காம இருந்திருக்கக் கூடாதா?"

நான் மாப்பிள்ளை முகத்தைப் பார்த்தேன். மனசு உடைந்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த முகம் அப்படியே மலர்ந்து போயிற்று! வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த கோல் அப்போதுதான் விழுந்த மாதிரி இருந்தது.

"என் பொண்ணு, மச்சான்" என்றார் என் காதில்.

"மாப்ளே, அவ உன்னத் திட்டறா."

"திட்டட்டும், திட்டட்டும்!"

பெண் பையை எடுத்து அப்பா கையில் கொடுத்தாள். "அடுத்த வாரம் அவங்க கிரவுண்டு. அங்க பின்னாடி சுவர் எப்படி இருக்குன்னு நாளைக்கே போய்ப் பாத்துட்டு வந்துடு. பந்து எனக்கு வந்ததும் நீ எழுந்து போறத நான் பாக்கணும். போகாம உக்காந்திருந்தே, பாரு!"

இருவரும் முன்னால் நடந்தார்கள். எந்தச் சுவர், எந்தப் பக்கம், குடை வைத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று பேசிக்கொண்டே போனார்கள். என் தங்கை பின்னால் வந்தாள். தான் கண்ணை மூடினது சரியாக மூடவில்லையோ, அதனால்தான் கம்பியில் பட்டதோ என்று ஒரு சந்தேகம் அவளுக்கு.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நமக்கெல்லாம் இந்த வியாதி கிடையாது, நாமெல்லாம் புத்திசாலிகள். ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தப் பெண் பந்தை வைத்தபோது கால்மேல் கால் போட்டீர்களே, இன்னும் எடுக்கவில்லையே, ஏன்? சரி, சரி, சும்மாதான் கேட்டேன். எடுத்துவிடாதீர்கள். அடுத்த வாரம் வரைக்கும் அப்படியே இருக்கட்டும். நமக்கு இரண்டு கோல் வேண்டும்.